ட்ரோலுக்குத் தீ ஆகாது. அது யாருக்குத் தெரியும்?

பாலத்தடிச் சேற்றிலிருந்து ட்ரோல் என்ற அரக்க மிருகம் எழுந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு, மேசையைச் சுற்றி நான்கு பேர். மூன்று பேர் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். ட்ரோல் எதற்குச் சாகும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். நான்காமவர் அன்றுதான் முதன்முதலாக விளையாட வந்திருந்தார். அந்த மூவரில் மந்திரவாதியாக ஆடியவர் அதுவரை எலி வந்தாலும் எலும்புக்கூடு வந்தாலும் தீக்கணையைத்தான் எறிவார். அன்று மட்டும் கொஞ்ச நேரம் தயங்கினார். "என் கேரக்டருக்கு ட்ரோலைப் பற்றி ஒன்றும் தெரியாதே... சரி, பனிக்கதிர் விடுகிறேன்" என்றார்.

ஆட்டத்தை நடத்தியது நான்தான். அவருடைய நேர்மையை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. ட்ரோலைப் பற்றி ஒன்றுமே அறியாத மந்திரவாதி வழக்கம்போலத் தீயைத்தானே எறிந்திருப்பான்? தெரிந்ததால்தான் எறியவில்லை. தெரிந்ததைப் பயன்படுத்தக் கூடாது என்று கிளம்பியவர், அதைத் தலைகீழாகப் பயன்படுத்தியிருக்கிறார்.

இந்த விளையாட்டுப் பக்கமே வராதவர்களுக்காக: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டில், அதாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் விளையாட்டில், ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். உலகத்தையும் அதிலுள்ள பகைவர்களையும் அவர் பார்த்துக்கொள்வார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். ஆட்டக்காரருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை அவருடைய பாத்திரம் தெரிந்ததுபோலச் செய்தால் அதற்கு மெட்டாகேமிங் என்று பெயர். அதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ட்ரோல். 2014ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்கு 84 உயிர்ப்புள்ளி. தன் முறை வரும்போதெல்லாம் 10 புள்ளி தானாக ஆறிவிடும். தீயோ அமிலமோ பட்டால் மட்டும் அடுத்த முறை ஆறாது. எரிகிற பந்தத்தால் ஓர் அடி, சேதம் ஒரே ஒரு புள்ளி, அது போதும். இது தெரியாதவர்கள் முன்னால், செத்து விழுந்த ட்ரோல் எழுந்து உட்காரும்போது மேசையே அலறும். அந்த அலறலுக்காகத்தான் டிஎம்கள் ட்ரோலைக் கொண்டுவருகிறோம்.

அடுத்த மாதம் புதிய கேம்பெயின், அதாவது பல நாள் தொடர்ந்து ஆடும் ஒரே கதை, தொடங்குகிறோம். இந்தத் தடவை முதல் செஷனிலேயே இதற்கொரு ஏற்பாடு பேசிவிட வேண்டும் என்று, மற்றவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்பதையெல்லாம் வரிசைப்படுத்திப் பார்த்தேன். மறைக்கலாம், மாற்றலாம், தெரியாததுபோல நடிக்கலாம், பகடையைக் கேட்கலாம், அல்லது எல்லாவற்றையும் திறந்து போட்டுவிடலாம். ஏறக்குறைய இவ்வளவுதான்.

மறைப்பதுதான் ஆதி வழி. 1979இல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட் நூலின் முன்னுரையில், இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ், டிஎம் அல்லாத ஓர் ஆட்டக்காரர் இந்தப் புத்தகத்தை வைத்திருந்தால் அவர் கௌரவமான சாவுக்குக்கூடத் தகுதியில்லாதவர் என்ற பொருளில் எழுதினார். பாதி வேடிக்கைதான், ஆனால் மீதிப் பாதி உண்மை. அடி பட்டதா என்று பார்க்கும் அட்டவணைகள்கூட அந்த நூலில்தான் இருந்தன, ஆட்டக்காரர்களின் நூலில் இல்லை. இன்று அந்தக் கோட்டை சுவரெல்லாம் இடிந்தாயிற்று. ட்ரோல் உள்ளிட்ட அடிப்படை விதித்தொகுப்பை 2023 ஜனவரியில் பதிப்பாளர்களே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். கணினியில் பால்டர்ஸ் கேட் இரண்டாம் பாகத்தை ஆடியவர்களுக்கோ 2000ஆம் ஆண்டிலிருந்தே ட்ரோலின் ரகசியம் தெரியும். ஆகவே மிருகங்களின் விவரங்களை மறைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் மறைக்க வேறு சில இருக்கின்றன. அந்தந்த ஆட்டத்தில் மட்டும் பிறக்கும் ரகசியங்கள்: நம்மில் யார் துரோகி, கதவுக்குப் பின்னால் யார், அந்த வியாபாரி சொன்னது பொய்யா. இவற்றை மறைப்பதற்கு ஈடான வழி இல்லை. உதாரணத்துக்கு, பொறி இருக்கிறதா என்று தேடி ஒருவர் இருபது முகப் பகடையை உருட்டுகிறார், 3தான் விழுகிறது. "ஒன்றும் தென்படவில்லை" என்கிறேன். உடனே இன்னொருவர், "நானும் ஒருதரம் பார்க்கிறேனே" என்கிறார். 18 விழுந்திருந்தால் அவர் வாயே திறந்திருக்க மாட்டார். 2019இல் வந்த, பாத்ஃபைண்டர் என்ற இதே வகை விளையாட்டின் இரண்டாம் பதிப்பு இதை அழகாக அடைத்தது. சில சோதனைகளுக்கு ரகசியம் என்று குறியிட்டு, பகடையை டிஎம்மே மறைவாக உருட்டச் சொல்கிறது. ஒரு மிருகத்தைப் பற்றி நினைவுகூர முயன்று படுமோசமாகத் தோற்றால் டிஎம் தப்பான தகவலைச் சொல்வார். சொன்னது மெய்யா பொய்யா என்று ஆட்டக்காரருக்கும் தெரியாது, பாத்திரத்துக்கும் தெரியாது. அங்கே நடிப்புக்கே வேலையில்லை.

இதற்கு விலை உண்டு. பகடை உருட்டுவதுதான் பலருக்கு விளையாட்டின் பாதி சுகம்; அதைப் பிடுங்கிக்கொள்கிறோம். அதைவிடப் பெரிய விலை நேரம். ஒரு தடவை திருடன் தனியாகக் கோட்டைக்குள் புகுந்தபோது, மற்ற மூவரையும் பால்கனிக்கு அனுப்பினேன். பத்து நிமிடம் என்று நினைத்தது நாற்பது நிமிடமாயிற்று. கூப்பிடப் போனால் டீ குடித்து, கிரிக்கெட் ஸ்கோர் பார்த்து, ஆளுக்கொரு கதை பேசிக்கொண்டிருந்தார்கள். கோட்டை மறந்தே போயிருந்தது. மீண்டும் உட்கார்ந்தபிறகு திருடனின் சாகசத்தைத் திருடனே வாயால் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். ரகசியம் காப்பாற்றப்பட்டது, ஆட்டம் செத்துப்போனது.

துண்டுச்சீட்டு கொடுப்பது இதைவிடத் தேவலை. இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிடலாம். ஆனால் ஒருவருக்கு மட்டும் சீட்டு போனால், ஏதோ இருக்கிறது என்று மற்ற மூவருக்கும் தெரிந்துவிடும். பழைய டிஎம்கள் இதற்கொரு வித்தை வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் சீட்டு கொடுப்பது, பாதிச் சீட்டில் "படித்துவிட்டு முறைத்துப் பாருங்கள்" என்று மட்டும் எழுதுவது. 1984இல் வந்த பாரனோயா இந்த மாதிரி ரகசியங்களின் மேலேயே கட்டப்பட்ட விளையாட்டு. ஒவ்வொருவரும் மறைவாக ஏதோ ஒரு சங்கத்தின் உறுப்பினர், ஒவ்வொருவருக்கும் ஒரு மரபுப் பிறழ்வு, இரண்டுமே மரண தண்டனைக்குரிய குற்றம். தன் தகுதிக்கு மேற்பட்ட விதிகள் தெரியும் என்று காட்டிக்கொள்வதே அங்கே தேசத் துரோகம். மெட்டாகேமிங் செய்தவரை அந்த உலகத்தை ஆளும் கம்ப்யூட்டர் சுட்டுத் தள்ளும், அதே ஆளின் அடுத்த குளோன் (நகல்) வரும், எல்லோரும் சிரிப்பார்கள்.

மாற்றுவது பற்றி அதிகம் சொல்ல இல்லை. தீக்குப் பதில் உப்பு என்று வைத்துவிட்டால் பழைய ஆட்டக்காரரின் மனப்பாடம் செல்லாது. ஒரு தடவை சுவாரசியமாக இருக்கும். மூன்றாவது தடவை, இந்த உலகத்தில் எதையும் நம்பிப் பயனில்லை என்று அவர்கள் கற்றுக்கொள்வார்கள். அதன்பின் நீங்கள் நேர்மையாக வைக்கும் தடயத்தையும் சந்தேகப்படுவார்கள். ஏற்கெனவே அச்சில் வந்த சாகசத்தை நடத்தும்போது மட்டும் இது நல்ல கருவி. 1983இல் வந்த ரேவன்லாஃப்ட் சாகசத்தில் முக்கியமான பொருள்கள் கோட்டையில் எங்கே கிடக்கின்றன என்பதை ஒரு குறிசொல்லியின் சீட்டுகள் தீர்மானிக்கும். புத்தகத்தையே கரைத்துக் குடித்தவரும் இந்தத் தடவை எங்கே என்று அறிய முடியாது. அதுவும் ஆட்டத்துக்குள்ளேயே, குறி கேட்கும் காட்சியாகவே அமைந்துவிடுகிறது. இந்த அமைப்புக்கு இன்றுவரை நான் அடிமை.

இனி நடிப்பது. பெரும்பாலான மேசைகளில் இதுதான் எழுதாத சட்டம்: "தெரிந்தாலும் தெரியாததுபோல ஆடு." பெருந்தன்மையான சட்டம். ஆனால் அது யாரால் முடியும் என்பதுதான் கேள்வி. புதிருக்கு விடை தெரிந்தவரிடம், தெரியாதவர் எத்தனை நிமிடத்தில் கண்டுபிடிப்பாரோ அத்தனை நிமிடம் கழித்துக் கண்டுபிடி என்று சொல்கிறோம். அவர் மனதுக்குள் ஒரு கடிகாரம் ஓடும். இரண்டாவது சுற்றில் தீ எறிந்தால் சந்தேகப்படுவார்கள், நான்காவது சுற்றில் எறிந்தால் மரியாதையாக இருக்கும். அவர் மந்திரவாதியாக யோசிக்கவில்லை, மற்றவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று யோசிக்கிறார். போதாததற்குப் பக்கத்தில் ஒருவர் போலீஸ்காரராகிவிடுவார்: "அது உன் கேரக்டருக்கு எப்படித் தெரியும்?" மெட்டாகேமிங்கால் கெட்ட ஆட்டங்களைவிட, இந்தக் கேள்வியால் முகம் சுளித்து நின்ற ஆட்டங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் நடிப்பை ஒழித்துவிடலாமா என்றால், அதுவும் முடியாது. இரண்டு இடத்தில் அதைவிட நல்ல வழி இல்லை. ஒன்று, மேசையில் புதியவர் இருக்கும்போது. அன்றைய ட்ரோல் சண்டையில் மற்ற மூவரும் வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான், ட்ரோல் எழுந்து உட்கார்ந்தபோது அந்தப் புதியவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கையில் வேறொன்றும் இல்லாமல் லாந்தரை அதன் தலைமேல் எறிந்தார். எரிந்தது, ஆறவில்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அது மூத்தவர்கள் அவருக்கு விட்டுக்கொடுத்த சந்தோஷம். இன்னொன்று, உணர்ச்சி சம்பந்தப்பட்ட இடங்கள். அண்ணனைக் கொன்றவனோடு தங்கை ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் காட்சியில், ஆட்டக்காரருக்கு உண்மை தெரிந்தால் அவர் கூடுதல் அன்போடு பரிமாறுவார். அங்கே கண்டுபிடிக்க வேண்டிய விடை எதுவுமில்லை. அதனால் கடிகாரமும் ஓடாது.

எனக்கு இப்போது தெளிவாகத் தெரிவது இதுதான். வெல்வதற்கு உதவும் தகவல் என்றால் அதை அறியாததுபோல நடிக்க வைப்பது கொடுமை. உண்மையிலேயே தெரியாமல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாத்திரத்துக்கும் கொடுத்துவிட வேண்டும். கதையை ருசிக்க உதவும் தகவல் என்றால் நடிப்பு தானாக வரும்.

பாத்திரத்துக்குக் கொடுப்பதா என்பதைப் பகடையிடம் விடுவது நான்காவது வழி. "உன் பாத்திரத்துக்கு ட்ரோலைப் பற்றித் தெரியுமா, உருட்டிப் பார்." நியாயமாகத்தான் ஒலிக்கிறது. கணக்கைப் போட்டால் ஓட்டை தெரியும். இருபது முகப் பகடையில் 15 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று வைப்போம். திறமைக்கான கூட்டல் புள்ளி எதுவும் இல்லாத ஒருவருக்கு 30 சதவீத வாய்ப்பு. நான்கு பேரும் ஆளுக்கொரு தடவை உருட்டினால், ஒருவருக்காவது விழும் வாய்ப்பு 76 சதவீதம். நான்கில் மூன்று தடவை தகவல் வெளியே வந்தே தீரும். மீதி ஒரு தடவை பழைய சிக்கல்தான், இன்னும் மோசமாக: தெரியாது என்று இப்போது பகடையே தீர்ப்பு சொல்லிவிட்டது, மந்திரவாதி பனிக்கதிரைத் தேட வேண்டியதுதான். உருட்டுவதானால் ஒருவர் மட்டும், அதுவும் காரணம் உள்ள ஒருவர் மட்டும் உருட்ட வேண்டும்.

இதைவிட எனக்குப் பிடித்தது 2012இல் வந்த டன்ஜன் வேர்ல்ட் என்ற விளையாட்டு செய்யும் காரியம். ஒருவர் தன் அறிவைத் துழாவிப் பகடையில் வென்றால் டிஎம் தகவலைச் சொல்வார், சொல்லிவிட்டு, "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கலாம். மேலே போலீஸ்காரர் கேட்ட அதே கேள்வி. ஆனால் இங்கே அது விசாரணை அல்ல, கதை கேட்பது. "என் பாட்டி பாலத்தடியில் ட்ரோலிடம் கால் விரலை இழந்தவள். தினமும் ராத்திரி சொல்லுவாள்" என்று ஒருவர் பதில் சொல்லிவிட்டால், பாட்டி இனி அந்த உலகத்தில் இருக்கிறாள். மூன்று மாதம் கழித்து அந்தக் கிராமத்துக்குப் போகலாம். ட்ரோல்கள் நடமாடும் உலகத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அவற்றைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பதுதான் யோசித்தால் நம்ப முடியாதது. பாம்பைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு யார் புத்தகம் வைத்தா சொல்லிக்கொடுத்தார்கள்?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆட்டக்காரருக்குத் தெரிந்து பாத்திரத்துக்குத் தெரியாததைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். மறுபக்கம் அதைவிடப் பெரியது. இருபது வருடமாகத் திருடிப் பிழைப்பவள் என் பாத்திரம். நானோ சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் களைப்போடு வந்து உட்காருகிறவன். காவலர்கள் எப்போது முறை மாறுவார்கள், பிரபுவின் மண்டபத்தில் வாளை எங்கே கழற்றி வைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்குத் தெரியாததால் அவள் வாளோடு உள்ளே போய் மாட்டிக்கொள்கிறாள். இது யாருடைய தவறு? டிஎம்முடையது என்பேன். "உள்ளே போகுமுன் வாளைக் கொடுத்துவிட வேண்டும் என்று உன் பாத்திரத்துக்குத் தெரியும், கொடுக்கிறாயா?" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் த டார்க் (2017) என்ற கொள்ளைக்கூட்ட விளையாட்டு இதை விதியாகவே ஆக்கிவிட்டது. கொள்ளைக்குப் போகுமுன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து திட்டம் போட வேண்டாம். நேராக நடுவில் தொடங்கலாம். காவலன் வழிமறித்தால், "நேற்றே இவனுக்குக் காசு கொடுத்துவிட்டேன்" என்று பின்னோக்கிப் போய் ஒரு காட்சி வைக்கலாம். எவ்வளவு எளிதில் நடந்திருக்கக்கூடியது என்பதைப் பொறுத்து அதற்கு மன அழுத்தப் புள்ளிகள் விலை; சுலபமானது என்றால் இலவசம்.

கடைசி வழி, திறந்து போடுவது. இதற்கு நாம் புதியவர்கள் அல்ல. கோவலன் ஒற்றைச் சிலம்போடு மதுரைக் கடைத்தெருவில் நடக்கும்போது அவன் திரும்ப மாட்டான் என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் கதைக்குள் நின்று ராஜாவுக்குப் பணிவான், மறுகணம் வெளியே வந்து நம்மோடு கேலி பேசுவான். அதனால் யாருக்கும் கூத்து கெட்டதில்லை. 2015இல் வந்த டென் கேண்டில்ஸ் என்ற திகில் விளையாட்டில் பத்து மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துத் தொடங்குவார்கள். கடைசி மெழுகுவர்த்தி அணையும்போது எல்லாப் பாத்திரங்களும் செத்துவிடும் என்பது முதலிலேயே எல்லோருக்கும் சொல்லப்படும். தப்பிக்க வழி தேடி யாரும் விதிகளைக் குடைவதில்லை. சாகப்போகிறவன் கடைசியாக யாரைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்பதில்தான் கவனம் முழுக்கப் போகிறது.

1981இல் வந்த கால் ஆஃப் கதுலு என்ற திகில் விளையாட்டு இன்னும் தந்திரமானது. ஆட வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அதில் வரும் பயங்கரப் பிராணிகளின் பெயர் அத்துப்படி. ஆனால் துப்பறிகிற பாத்திரத்துக்குக் கதுலு தொன்மம், அதாவது அந்தப் பிராணிகளின் ரகசியம், பற்றிய அறிவு பூஜ்யத்தில்தான் தொடங்கும். அது ஏற ஏற, எட்டக்கூடிய அதிகபட்ச மனநலப் புள்ளி இறங்கும். 99இலிருந்து அந்த அறிவைக் கழித்தால் வருவதுதான் உச்சவரம்பு. ஆக அந்த உலகத்தில் தெரிந்துகொள்வதே நஷ்டம். திறக்கக் கூடாத புத்தகம் என்று தெரிந்தே ஆட்டக்காரர் ஆசையோடு, "என் பாத்திரம் முதல் பக்கத்தைப் புரட்டுகிறது" என்பார். தெரியாததுபோல ஆடு என்று நான் கெஞ்ச வேண்டியதில்லை.

திறந்து போடுவது எங்கே வேலைக்கு ஆகாது என்றால், துப்பறியும் கதையில். கொலைகாரன் யார் என்று தெரிந்தபின் அதில் என்ன மிச்சம்? அதுபோல, சண்டையில் வெல்வதே குறி என்று ஆடும் குழுவிடம் வரைபடத்தை விரித்து வைத்துவிட்டு நாடக ரசத்தை எதிர்பார்ப்பதும் வீண். குழுவுக்கு எதில் பசி என்று பார்க்காமல் எந்த வழியையும் எடுக்க முடியாது. என் நால்வருக்குச் சண்டையிலும் பசி, குடும்பச் சச்சரவிலும் பசி. துப்பறிவதில் அவ்வளவாக இல்லை.

அதனால் புதிய கேம்பெயினுக்கு இப்படி வைத்திருக்கிறேன். மிருகங்களைப் பற்றி ஆட்டக்காரருக்குத் தெரிந்தது எல்லாம் பாத்திரத்துக்கும் தெரியும். ஒரே நிபந்தனை, யாரிடம் கேள்விப்பட்டது என்று ஒரு வரி சொல்ல வேண்டும். புதியவர் மேசையில் இருந்தால் முதல் இரண்டு சுற்று அந்த வரியை யாரும் சொல்லக் கூடாது. பொறி தேடுவது, பொய்யைக் கண்டுபிடிப்பது இரண்டுக்கும் பகடையை நான் மறைவாக உருட்டுவேன். மற்ற எல்லாப் பகடையும் அவர்கள் கையில். குழு பிரிந்தால் யாரும் பால்கனிக்குப் போக வேண்டாம், எல்லோரும் உட்கார்ந்து கேட்கலாம், வேண்டுமானால் அங்கே வரும் காவலர்களாக நடிக்கலாம். "உனக்கு எப்படித் தெரியும்" என்று கேட்கும் உரிமை டிஎம்முக்கு மட்டும். துரோகி வைப்பதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. வைத்தாலும் நால்வருக்கும் சீட்டு போகும்.

இதையெல்லாம் குழுவில் அனுப்பியதும் மந்திரவாதிதான் முதலில் பதில் போட்டார். "அப்போ ட்ரோல்மேல் தீ எறியலாமா?"

"வழக்கமாக எதை எறிவீர்களோ அதை எறியுங்கள்" என்று எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து, தன் பாத்திரத்துக்கு ஒரு பாட்டி உண்டா என்று கேட்டார்.